ரீமாஸ்டர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நல்லா கேக்குமா?

பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்த சொந்தமா ஒரு சிடியா வாங்கி வெச்சுக்கலாம்னு தேடினா 90கள்ல வந்த ரீமாஸ்டர், 2003ல வந்த எஸ்ஏசிடி (சாதா சிடிய விட கூடுதல் தரத்துல பதியுற சூப்பர் ஆடியோ சிடி), 2011 ரீமாஸ்டர், 2023ல 50ஆம் வருஷப் பதிப்புன்னு வரிசையா நிக்குது, இதுல 1980கள்ல ஜப்பான்ல போட்ட பழைய சிடிக்கு மத்த எல்லாத்தையும் விட ஜாஸ்தி விலை சொல்றாங்க, ரீமாஸ்டர்னா பழசவிட நல்லா தானே இருக்கணும், அப்புறம் ஏன் இப்படின்னு கேட்டிருக்கீங்க. இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லங்க. ரீமாஸ்டர்ங்கறது தரத்துக்குக் குடுக்குற சர்டிபிகேட் கிடையாது, யாரோ ஒருத்தர் மறுபடி உக்காந்து வேலை பார்த்தாருங்கற தகவல், அவ்ளோதான். எந்த டேப்புல இருந்து எடுத்தாங்க, யாரு பண்ணாங்க, எவ்ளோ சத்தமா ஏத்தி விட்டாங்க, இந்த மூணும் தெரிஞ்சா போதும், சிடியா, எல்பியா (வைனில் ரெக்கார்டு), சிடிய விட துல்லியமான ஹை-ரெஸ் ஃபைலாங்கறதெல்லாம் அதுக்கு ரொம்பப் பின்னாடி வர்ற விஷயம்.

முதல்ல வேலை எப்படி நடக்குதுன்னு பாத்துருவோம், ஏன்னா பாதிக் குழப்பம் இங்கதான். 60, 70கள்ல ஸ்டுடியோவுல ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், குரல்னு தனித்தனியா பதியுற டேப்புக்கு மல்டிட்ராக்னு பேரு, 4 ட்ராக், 8 ட்ராக், அப்புறம் 16, 24ன்னு வளந்துச்சு. அதையெல்லாம் கலந்து ஸ்டீரியோவா இன்னொரு டேப்புல இறக்குறது மிக்ஸ். அந்த ரெண்டு சேனல் டேப்தான் மாஸ்டர் டேப். அதுல இருந்து ரெக்கார்டு வெட்டறதுக்கோ சிடி அடிக்கறதுக்கோ ஏத்த மாதிரி டோன், லெவல், பாட்டுக்குப் பாட்டு நடுவுல இடைவெளி எல்லாம் சரி பண்றது மாஸ்டரிங். ரீமாஸ்டர்னா அந்த ஸ்டீரியோ டேப்புல இருந்து கடைசிக் கட்ட வேலைய மட்டும் திரும்பச் செய்யறது, குரல மட்டும் தூக்கறது, ட்ரம்ஸ இடது பக்கம் தள்ளறதெல்லாம் அதுல நடக்காது. அது வேணும்னா மல்டிட்ராக் வரைக்கும் பின்னாடி போகணும், அதுக்குப் பேரு ரீமிக்ஸ். கம்பெனிக்காரங்க ரீமிக்ஸையும் ரீமாஸ்டர்னு அட்டையில போட்டு வித்துருக்காங்க, அதனால கேக்குறவங்களுக்கு எது மாறியிருக்குன்னே புரியாம போயிடுது.

அடுத்தது டேப்பு. மாஸ்டர் டேப்ப அப்படியே ரெக்கார்டுல வெட்ட முடியாது, பேஸ் ரொம்ப இருந்தா ஊசி தாவிடும், 'ஸ்' சத்தம் அதிகமா இருந்தா கரகரன்னு வரும், ஓரத்துல இருந்து உள்ள போகப் போக ஹை ஃபிரீக்வென்சி தேஞ்சிடும். அதனால பேஸக் கொஞ்சம் அடக்கி, மேல கொஞ்சம் சீவி, எல்பிக்குன்னே தனியா ஒரு காப்பி டேப் போட்டு வெச்சுக்குவாங்க. வெளிநாட்டு கம்பெனிக்கு அனுப்பறது அந்தக் காப்பியோட காப்பி. ஒவ்வொரு காப்பியிலயும் இரைச்சல் ஏறும், மேல இருக்குற மினுமினுப்பு குறையும். 1982ல சிடி வந்து, எல்லா கம்பெனியும் பழைய சரக்க அவசர அவசரமா டிஜிட்டலாக்கினப்போ கையில எந்த டேப் கிடைச்சுதோ அதையே ஓட்டிட்டாங்க, அது ரெக்கார்டுக்குன்னு வெட்டி ஒட்டின காப்பியா மூணாவது தலைமுறைக் காப்பியான்னு யாரும் பெருசா பாக்கல. ஆரம்ப கால சிடி சிலது தகரத்தத் தட்டின மாதிரி வறட்டுன்னு கேக்கும், சிலது கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தமா இருக்கும், பழிய மட்டும் டிஜிட்டல் மேல போட்டாங்க. ஆனா அதே காலத்துல ஒழுங்கான டேப் கிடைச்சு, பொறுமையா ஒருத்தர் உக்காந்து, ஒண்ணும் நோண்டாம அப்படியே மாத்திக் குடுத்த சிடிக்களும் உண்டு. லெட் ஜெப்பலின் ஆல்பங்கள் சிலத 80கள்ல மாஸ்டரிங் என்ஜினியர் பேரி டயமென்ட் சிடிக்கு மாத்தினாரு, அதத் தேடிப் பிடிச்சு வாங்குறவங்க இன்னிக்கும் இருக்காங்க. பழசுங்கறதுக்காக இல்ல, அதுல யாரும் கை வெச்சு நசுக்கலங்கறதுக்காக.

இந்த நசுக்கற கதைதான் மொத்தத்துலயும் பெருசு. சிடியில சத்தத்துக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கு, டிஜிட்டல் ஜீரோ, அதுக்கு மேல ஒரு இம்மி கூடப் போக முடியாது. 80கள்ல பெரும்பாலும் உச்சம் மட்டும் எப்பவாவது அந்த வரம்பத் தொடும், சில சிடி அதக்கூடத் தொடாது, சராசரி சத்தம் ரொம்பக் கீழ இருக்கும், ஸ்னேர் ட்ரம் அடி விழுறப்போ மட்டும் எகிறும். 1994ல வேவ்ஸ் கம்பெனி எல்1னு ஒரு டிஜிட்டல் லிமிட்டர் கொண்டு வந்துச்சு, வரப்போற உச்சத்த முன்கூட்டியே பாத்து அமுக்கிடும், உச்சிய அமுக்கினா மொத்தத்தையும் மேல தூக்கலாம், தூக்கினா பக்கத்துல இருக்குற சிடிய விட நம்ம சிடி சத்தமா கேக்கும். எல்லா லேபிளும் இதுல குதிச்சாங்க, பழைய ஆல்பத்த ரீமாஸ்டர்ங்கற பேர்ல திரும்ப வித்தப்போ அதுக்கும் இதே வைத்தியந்தான். கல்யாண மண்டபத்துல கிசுகிசுன்னு பேசறவங்க, சாதாரணமா பேசறவங்க, கூப்பாடு போடறவங்க எல்லாரையும் ஒரே மைக்குல ஒரே லெவலுக்குக் கொண்டு வந்தா எப்படி இருக்கும், அப்படித்தான் ஆச்சு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கம்ப்ரெஷனே, அதாவது சத்தத்தோட ஏத்த இறக்கத்த இறுக்கறதே, பாவம்னு சில பேர் பேசுவாங்க, அது தப்பு. ஜெப்பலினோட நாலாவது ஆல்பத்துல 'வென் த லெவீ பிரேக்ஸ்' கேளுங்க. ஹெட்லி கிரேஞ்சுன்னு ஒரு பழைய வீடு, அதோட ஹால்ல மாடிப்படிக்கு அடியில ஜான் பான்ஹமோட ட்ரம்ஸ வெச்சு, மேல படிக்கட்டுல இருந்து ரெண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்க மட்டும் கீழ பாத்த மாதிரி கட்டி, பின்சன் எக்கோ மெஷின் வழியா விட்டு, கம்ப்ரெஸர்ல நல்லா இறுக்கிப் பிடிச்சு எடுத்தாரு என்ஜினியர் ஆண்டி ஜான்ஸ். அந்த ட்ரம்ஸ் மூச்சு விடற மாதிரி கேக்குதே, அடி விழுந்தவுடனே அந்த வீட்டோட சுவரெல்லாம் திரும்பி வந்து சேருதே, அது கம்ப்ரெஷன் செஞ்ச வேலைதான். ஆனா அது ஒரு வாத்தியத்துக்கு, காதால கேட்டு, வேணும்னு செஞ்சது. எல்லாம் கலந்து முடிஞ்ச ஸ்டீரியோ டேப்பு மேல மறுபடியும் ஒரு லிமிட்டரப் போட்டு ஆறு டெசிபல் ஏத்தினா, அடிக்கும் அதுக்கப்புறம் வர்ற எதிரொலிக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் சுருங்கிடும். அடி சின்னதாயிடும், எதிரொலி பெருசாயிடும், ஹார்மோனிக்கா அதுக்குள்ள மாட்டிக்கும். பான்ஹம் ஓங்கி அடிக்கறாரு, ஆனா அடி விழவே மாட்டேங்குது. ரெண்டு பதிப்ப ஒரே லெவல்ல வெச்சுக் கேட்டா முதல் பத்து செகண்டுலயே இது தெரியும்.

மோசமான உதாரணம் சொல்லணும்னா இகி அண்ட் த ஸ்டூஜஸ் பேண்டோட 'ரா பவர்' தான் முதல்ல வரும். 1973ல வந்த மிக்ஸ் கிட்டத்தட்ட முழுக்க டேவிட் போவி செஞ்சது, ஒல்லியா இருக்குன்னு ரொம்ப நாளா எல்லாருக்கும் குறை, 1997ல பாடகர் இகி பாப்பே உக்காந்து மல்டிட்ராக்ல இருந்து திரும்ப மிக்ஸ் பண்ணாரு, மீட்டர் எல்லாம் சிவப்புல நிக்கற அளவுக்கு. ராக் சிடியிலேயே இத விட சத்தமானது கிடைக்கறது கஷ்டம். சில ரசிகர்களுக்கு அந்த வெறி பிடிச்சுப் போச்சு, அந்தப் பாட்டோட குணத்துக்கு அது பொருந்துதுன்னு கூட ஒரு வாதம் இருக்கு, எனக்கு மூணாவது பாட்டுக்கு மேல காது அடைச்சுக்குது. 2010ல போவி மிக்ஸ திரும்பக் கொண்டு வந்தாங்க, குறை சொன்ன ஆளுங்களே அத வாங்கினாங்க. ரஷ் பேண்டோட 'வேப்பர் டிரெயில்ஸ்' 2002ல புதுசா வந்தப்பவே கிழிஞ்சு போயிருந்துச்சு, பேண்டுக்கே மனசு ஒப்பல, 2013ல டேவிட் பாட்ரில்ல வெச்சு மொத்த ஆல்பத்தையும் ரீமிக்ஸ் பண்ணி வெளியிட்டாங்க. மெட்டாலிக்காவோட 'டெத் மேக்னெடிக்' (2008) ரீமாஸ்டர் இல்ல, ஆனா இந்தக் கதைக்கு அத விட நல்ல சாட்சி கிடையாது. அதே பாட்டுங்க கிட்டார் ஹீரோ வீடியோ கேமுக்கும் போச்சு, கேமுல வந்தது சிடிய விட தெளிவா இருக்குன்னு ரசிகர்கள் கண்டுபிடிச்சு, கையெழுத்து வாங்கி மனு போட்டாங்க. மாஸ்டரிங் பண்ண டெட் ஜென்சன், என்கிட்ட வர்றப்பவே அது நசுங்கித்தான் வந்துச்சுன்னு சொல்லிட்டாரு. காசு குடுத்து வாங்குற சிடிய விட பிள்ளைங்க விளையாட்டுல நல்ல சவுண்டு, இத என்னன்னு சொல்றது.

சரி, இவ்ளோ மோசம்னா அப்புறம் ஏன் புது ரீமாஸ்டர் போட்டவுடனே "ஆஹா"ன்னு தோணுது? காது செய்யற வேலை. ஒரே பாட்ட ஒரு டெசிபல் கூட வெச்சுக் கேட்டா, சத்தம் கூடியிருக்குன்னு தோணாது, தெளிவா இருக்கு, பேஸ் நல்லா இருக்குன்னுதான் தோணும். சத்தம் குறைவா இருக்கறப்போ நம்ம காதுக்கு பேஸும் ரொம்ப மேல இருக்குற ஹையும் மந்தமாத்தான் கேக்கும், இத 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைஞ்சு வெச்சுட்டாங்க. அதனால ரெண்டு பதிப்ப ஒப்பிடணும்னா லெவல சமமாக்காம ஒப்பிடவே கூடாது. ஃபூபார்2000 ப்ளேயர் இலவசந்தான், ரெண்டு ஃபைலையும் போட்டு ரீப்ளேகெயின் ஸ்கேன் பண்ணுங்க (ரெண்டோட சத்தத்தையும் அளந்து சமமாக்கும்), அதுல ஏபிஎக்ஸ் கம்பேரட்டர்னு ஒரு கூடுதல் டூல் இருக்கு, எது எதுன்னு தெரியாம கண்ண மூடிக் கேக்க வைக்கும். சத்தமானத இறக்கி வெச்சுக் கேளுங்க, பாதி ரீமாஸ்டரோட பவுசு அங்கயே கலைஞ்சிடும். மீதிப் பாதி நிஜமாவே நல்லா இருக்கும், அதையும் ஒத்துக்கணும்.

ஆடாசிட்டில ஃபைலத் திறந்து அலை வடிவத்தப் பாத்தாலும் ஒரு யோசனை கிடைக்கும், 80கள் சிடி சீப்பு மாதிரி கூர் கூரா மேலயும் கீழயும் போகும், நசுக்கினது செங்கல் கட்டி மாதிரி ஒரே பட்டையா நிக்கும். டைனமிக் ரேஞ்ச் மீட்டர்னு ஒண்ணு இருக்கு, டிஆர்13, டிஆர்7ன்னு நம்பர் குடுக்கும், ஆல்பம் வாரியா ஆளுங்க பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. வாங்கறதுக்கு முன்னாடி அதப் பாக்கறது நல்லது, ஆனா அந்த நம்பர மட்டுமே நம்பி வாங்காதீங்க. அது எவ்ளோ நசுக்கினாங்கன்னு சொல்லும், டோன் எப்படி, டேப் எதுன்னு சொல்லாது, டிஆர்14 இருக்குற சிடி மூணாந்தலைமுறை டேப்புல இருந்து வந்து மங்கலா இருக்கலாம், டிஆர்10 இருக்குறது அழகா இருக்கலாம். எல்பிய ரிப் பண்ணி அளந்து "பாரு, வைனில்ல டிஆர்12, சிடியில 8"ன்னு சண்டை போடறவங்களயும் நம்பாதீங்க, ஒரே மாஸ்டரத்தான் ரெண்டுலயும் போட்டிருந்தா கூட ரெக்கார்டுல இருந்து எடுக்கறப்போ அலையோட உச்சி வடிவம் கொஞ்சம் மாறி நம்பர் தானா ஏறும், நசுங்கினது ஒண்ணும் விரிஞ்சு வரல.

ஸ்ட்ரீமிங்ல ஒரு வேடிக்கை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமாரா மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ங்கற ஒரே சத்த அளவுக்கு (ஜீரோவுக்குக் கிட்ட வர வர சத்தம் ஜாஸ்தி) கொண்டு வந்து ஓட்டுது, ஆப்பிள்ல சவுண்ட் செக்னு இதே வசதி இருக்கு. அப்போ மைனஸ் 8ல நசுக்கி ஏத்தின ரீமாஸ்டர் ஆறு டெசிபல் இறக்கப்படும், சத்தத்துக்காகப் பண்ண அத்தனையும் வீண், நசுங்கினது மட்டும் மிச்சம். இந்தப் போட்டி கொஞ்சம் தணிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா ஸ்ட்ரீமிங்ல பெரும்பாலும் லேபிள் கடைசியா விட்ட பதிப்பு மட்டுந்தான் இருக்கும், அதுக்கு முந்தினது காணாம போயிடும். பழைய சிடிக்கு இன்னும் மதிப்பு இருக்கறது முக்கியமா இதனாலதான்.

நல்லா செஞ்சதுக்கு உதாரணம் கேட்டா பீட்டில்ஸ் 2009. அதுவரைக்கும் ஊரே கேட்டுட்டு இருந்தது 1987 சிடிதான், அதுலயும் 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' ரெண்டும் அப்போ அவங்க தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் திரும்ப மிக்ஸ் பண்ணது. ஆபி ரோடு ஸ்டுடியோ ஆளுங்க நாலு வருஷம் உக்காந்து, ஒவ்வொரு டேப்பையும் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்ல மாத்தி, பாட்டுக்குப் பாட்டு டேப் மெஷினோட ஹெட்ட சுத்தம் பண்ணி, எடிட் இடத்துல வர்ற கிளிக், மைக்குல மூச்சு முட்டற சத்தம் மாதிரி விஷயங்கள மட்டும் சரி பண்ணாங்க. மொத்தம் 525 நிமிஷ இசையில இரைச்சல் நீக்கம் போட்டது அஞ்சு நிமிஷத்துக்கும் கம்மி. ஸ்டீரியோ பாக்ஸ் செட்ல கொஞ்சம் லிமிட்டிங் உண்டு, ஒரே சேனல்ல வர்ற மோனோ பாக்ஸ் செட்ல அது கூட இல்ல. மோனோ கேக்காதவங்க 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' மட்டுமாவது மோனோவுல கேட்டுப் பாருங்க, அப்போ பேண்டுக்காரங்க கூட உக்காந்து கவனிச்சு முடிச்சது அந்த மிக்ஸ்தான், ஸ்டீரியோ பின்னாடி வேகமா பண்ணது. 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவுல வேகமும் கூட, சுருதியும் ஏறியிருக்கும், ஸ்டீரியோ கேட்டுப் பழகினவங்களுக்கு வேற பாட்டு மாதிரி இருக்கும். அப்புறம் 2017ல ஜார்ஜோட பையன் ஜைல்ஸ் மார்ட்டின் அதையே ரீமிக்ஸ் பண்ணாரு. நாலு ட்ராக் நிறைஞ்சதும் அத ஒண்ணு ரெண்டு ட்ராக்கா சுருக்கி அடுத்த டேப்புக்கு மாத்தி மேல மேல பதிஞ்சது அந்தக் கால முறை, அவரு சுருக்கறதுக்கு முந்தின டேப்புக்கே போய் எல்லாத்தையும் கணினில ஒண்ணு சேத்தாரு. ட்ரம்ஸும் பேஸும் அவ்ளோ கிட்டத்துல அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. 2022ல 'ரிவால்வர்'க்கு சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்சன் குழுவோட மென்பொருள வெச்சு ஒரே ட்ராக்ல கலந்து கிடந்த வாத்தியங்களயே பிரிச்சுட்டாங்க. இதெல்லாம் ரீமாஸ்டர் இல்ல, புது மிக்ஸ், பழசுக்குப் பதிலா இல்லாம பழசோட கூட வெச்சுக்க வேண்டியது.

ரோலிங் ஸ்டோன்ஸோட 60கள் ஆல்பங்கள் 2002ல எஸ்ஏசிடியா வந்தப்போ, மாஸ்டரிங் பாப் லட்விக். அப்போதான் 1968 'பெகர்ஸ் பாங்க்வெட்' அத்தனை வருஷமா அசல விட மெதுவான வேகத்துல ஓடிட்டு இருந்துச்சுன்னு சரி பண்ணாங்க. முப்பத்தி நாலு வருஷம் உலகமே கேட்டது கொஞ்சம் இழுவையான பதிப்பு! ஜெத்ரோ டல்லோட 'அக்வாலங்' (1971) மூடி போட்ட பாத்திரத்துக்குள்ள பாடற மாதிரியே ரொம்ப நாள் இருந்துச்சு, 2011ல ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் பண்ணதுக்கப்புறம்தான் அந்த அக்கூஸ்டிக் கிட்டார்ல கம்பி இருக்குன்னே தெரிஞ்சுது. பழசுதான் எப்பவும் உசத்தின்னு பிடிவாதம் பிடிக்கறவங்க கிட்ட நான் இந்த ஆல்பத்தத்தான் எடுத்து நீட்டுவேன்.

மறுபக்கம், ரீமிக்ஸ்ங்கற பேர்ல அசலையே தூக்கிப் போட்ட கதையும் உண்டு. 'எலிமினேட்டர்' (1983) பெரிய ஹிட் ஆனதும் ஸீஸீ டாப்போட பழைய 70கள் ஆல்பங்கள 1987ல 'சிக்ஸ் பேக்'னு சிடியில விட்டாங்க, ட்ரம்ஸுக்கு 80கள் டிஜிட்டல் எதிரொலி எல்லாம் ஏத்தி. டெக்சாஸ் புழுதியில ஊறின 'ட்ரெஸ் ஆம்ப்ரெஸ்' டிஸ்கோ ஹாலுக்குள்ள போயிருச்சு, அசல் மிக்ஸ் சிடியில வர 2006 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. ஓஸி ஆஸ்போர்னோட முதல் ரெண்டு ஆல்பத்துக்கு 2002ல நடந்தது இன்னும் கொடுமை, பாப் டெய்ஸ்லி, லீ கெர்ஸ்லேக் ரெண்டு பேரோட ராயல்டி தகராறு ஓடிட்டு இருந்த நேரத்துல அவங்க வாசிச்ச பேஸையும் ட்ரம்ஸையும் அழிச்சுட்டு வேற ஆளுங்கள வெச்சு வாசிக்க வெச்சு ஏத்திட்டாங்க. கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் 1982லயே விமான விபத்துல போயிட்டாரு, அவரு கூட வாசிக்காத ஆளுங்க அவரு கிட்டாருக்குக் கீழ வாசிக்கறாங்க. 2011ல அசல் திரும்பி வந்துச்சு. பழைய சிடி கடையில இந்த ஆல்பம் கண்ணுல பட்டா பின்னாடி அச்சடிச்ச வருஷத்தப் பாருங்க, 2002ன்னா கீழ வெச்சிடுங்க.

இரைச்சல் நீக்கறதப் பத்தி ஒரு வார்த்தை. டேப்னா 'ஸ்ஸ்'னு இரைச்சல் இருக்கும், அது சகஜம். 80, 90கள்ல அத அழிக்கற டிஜிட்டல் கருவி வந்ததும் சில பேர் ஆர்வத்துல முழுசா துடைச்சுட்டாங்க, இரைச்சலும் சிம்பல் அடிச்சு அடங்கற வாலும் ஒரே இடத்துலதான் இருக்கும், ஒண்ணத் துடைச்சா இன்னொண்ணும் போயிடும். பாட்டு முடியறப்போ கடைசி சிம்பல் இயல்பா தேயுதா, இல்ல தண்ணிக்குள்ள முங்கற மாதிரி நெளிஞ்சு போகுதான்னு கவனிங்க, அங்கதான் குட்டு வெளிப்படும். டேப்பும் ஒண்ணும் சாசுவதம் இல்ல. 70கள் நடுவுல இருந்து 80கள் வரைக்கும் வந்த ஆம்பெக்ஸ் டேப் சிலதுல பசை ஈரத்த உறிஞ்சி பிசுபிசுத்துப் போயிடும், மெஷின்ல ஓட்டினா கீச்சுன்னு ஒட்டிக்கிட்டு காந்தப் பூச்சே உரிஞ்சு வரும். அதுக்கு சுமார் 50 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா வெச்சு வாட்டி எடுக்கணும், அப்புறம் கொஞ்ச நாளைக்குத்தான் ஓடும், அதுக்குள்ள மாத்திக்கணும். 60கள் டேப்ப விட 70கள் கடைசி டேப் மோசமா இருக்கற வினோதம் இதனாலதான். 2008ல ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ தீ விபத்துல மாஸ்டர் டேப்புகளும் எரிஞ்சுபோச்சு, எவ்ளோங்கறதுல இன்னும் தகராறு. அசல் டேப் போயிருச்சுன்னா எந்தப் பெரிய என்ஜினியர் உக்காந்தாலும் காப்பியில இருந்துதான் எடுக்கணும்.

எல்பி பக்கம் போனா, ஜெப்பலினோட ரெண்டாவது ஆல்பத்த 1969ல பாப் லட்விக் வெட்டின முதல் பதிப்பு, ரெக்கார்டோட உள் ஓரத்துல 'ஆர்எல்'னு அவரு கீறி வெச்சிருப்பாரு, சவுண்டு அத்தனை ஆக்ரோஷமா இருக்கும். சாதா ப்ளேயர்ல ஊசி தாவுச்சுன்னு அத நிறுத்திட்டு பேஸ் கம்மி பண்ணி திரும்ப வெட்டினாங்கன்னு லட்விக்கே சொல்லியிருக்காரு. அதுக்கு இன்னிக்கு இருக்குற விலை நம்மால ஆகாது. புது எல்பி ரீஇஷ்யூ வாங்குறவங்க "முழு அனலாக்"ங்கற வார்த்தைக்கு கூடுதல் காசு குடுக்கறாங்க. 2022ல மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி பல வருஷமா நடுவுல டிஎஸ்டி டிஜிட்டல் காப்பி எடுத்துத்தான் வெட்டறாங்கன்னு அவங்க என்ஜினியர்களே ஒத்துக்கிட்டதும் பெரிய கலவரமாச்சு, கேஸ் போட்டு, 2.5 கோடி டாலர் அளவுக்கு சமரசம் பேசி முடிச்சாங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அதே ரெக்கார்ட கேட்டுட்டு அனலாக்னா இதான்யா அனலாக்னு உருகினவங்கதான் அத்தனை பேரும். சொல்லாம மறைச்சது தப்பு, அதுல மாத்துக்கருத்து இல்ல, ஆனா காதுக்குத் தெரியலங்கறதும் உண்மைதானே. ஜப்பான் எஸ்எச்எம்-சிடியும் இதே கணக்குதான், பிளாஸ்டிக் உசத்தி, உள்ள இருக்குற மாஸ்டரிங் ஒண்ணுதான்னா சாதா சிடிக்கும் அதுக்கும் பிட் வித்தியாசம் கிடையாது. 24 பிட் ஃபைலும் அப்படித்தான், நசுக்கின மாஸ்டர 24 பிட்ல குடுத்தா நசுங்கினது இன்னும் துல்லியமா கேக்கும்.

இப்ப உங்க 'டார்க் சைட்'டுக்கு வரேன். நல்ல வேளையா இந்த ஆல்பத்துல படுமோசமான பதிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஏன்னா என்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் பதிஞ்ச விதமே அவ்ளோ சுத்தம். ஆனா இதயத்துடிப்பு மெல்ல ஆரம்பிச்சு, அமைதியா போயிட்டு, 'டைம்' பாட்டுல கடிகாரமெல்லாம் ஒண்ணா அலறணும், அந்த ஏத்த இறக்கந்தான் ஆல்பமே, அதனால நசுக்கறது இங்க உடனே உறைக்கும். 2003 எஸ்ஏசிடியில ஒரே தட்டுல ரெண்டு அடுக்கு இருக்கு, எஸ்ஏசிடி அடுக்கு நல்லா இருக்கு, சாதா ப்ளேயர்ல ஓடற சிடி அடுக்கு அத விட கம்ப்ரெஸ் பண்ணது, இத அப்பவே ஸ்டீரியோஃபைல் பத்திரிகை அளந்து போட்டுச்சு. எஸ்ஏசிடி ப்ளேயர் இல்லன்னா அத வாங்காதீங்க. 90கள்ல டக் சாக்ஸ் பண்ண ரீமாஸ்டர் பழைய சரக்குல கம்மி விலைக்கு வரும், எனக்குப் பிடிச்சது. 2011 ஜேம்ஸ் கத்ரி பண்ணது கொஞ்சம் சத்தம் கூட, ஆனா நிதானம் தப்பல, புதுசா கடையில வாங்கணும்னா யோசிக்காம எடுக்கலாம். லேபிள்ல கறுப்பு முக்கோணம் போட்ட அந்த ஜப்பான் சிடி நிஜமாவே இயல்பா, ஒண்ணும் திணிக்காம கேக்கும், ஆனா கேக்குற விலையில பாதி அது அரிதுங்கறதுக்கு, சவுண்டுக்கு இல்ல. எங்கயாவது சல்லிசா மாட்டினா விடாதீங்க. ஒண்ணே ஒண்ணு, அந்தக் காலத்து ஜப்பான் சிடி சிலதுல ப்ரீ-எம்ஃபசிஸ்னு ஹைய வேணும்னே தூக்கிப் பதிஞ்சிருப்பாங்க, சிடி ப்ளேயர் அத தானா இறக்கிக்கும், கணினில ரிப் பண்றப்போ பல மென்பொருள் இறக்காது. ரிப் பண்ணிக் கேட்டு "என்னப்பா காதக் குத்துது"ன்னு தோணுச்சுன்னா சிடிய விக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபைல சாக்ஸ் (SoX) மென்பொருள்ல போட்டு டி-எம்ஃபசிஸ் பண்ணிட்டு இன்னொரு தடவை கேளுங்க.